வேலூர் ஐடா அம்மாவும் நம்ம வேலையும்



நம்ம மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பத்தி எழுதணும்னு கூட்டத்தில் பேச்சு வந்தப்போ, ஆளுக்கு ஒரு பேர் சொன்னாங்க. நான் டாக்டர் ஐடா ஸ்கட்டர் பேரைச் சொன்னேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச வெள்ளைக்கார அம்மான்னு சொன்ன உடனே எல்லோருக்கும் புரிஞ்சுது. நம்ம வீடுகள்ல யாராவது ஒருத்தர் அங்க போய் வைத்தியம் பார்த்துட்டு வந்திருப்பாங்க. ஆனா நான் அவங்களை எடுத்துக்கிட்டது ஆஸ்பத்திரி கட்டினதுக்காக மட்டும் இல்ல. நோயாளியைப் பார்த்துக்கற வேலையைப் பெண்களுக்கு முறையாகக் கத்துக்கொடுத்து, அந்த வேலையிலேயே படிப்படியா மேல ஏற வழி பண்ணினவங்க அவங்க. அவங்க மனசை மாத்தின ராத்திரி நடந்த ஊரும் நமக்குத் தூரம் இல்ல. கோரிமேட்டைத் தாண்டி பஸ் பிடிச்சா ஒரு மணி நேரத்துல போயிடற திண்டிவனம்தான்.

என்னைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். நான் பதினோரு வருஷமா வீடுகளுக்குப் போய் வயசானவங்களைப் பார்த்துக்கற வேலை செய்யறேன். குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, மாத்திரை எடுத்துக் கொடுக்கறது, ராத்திரி எழுந்தா கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல எல்லாரும் என்னை ஆயான்னுதான் கூப்பிட்டாங்க. அது தப்புன்னு சொல்லல. ஆனா ஆயாவுக்கு மேல ஒரு படி இருக்குன்னு எனக்கு அப்போ யாரும் சொல்லல.

இனி ஐடா அம்மா கதைக்கு வர்றேன்.

ஐடா ஸ்கட்டர் 1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்கட்டர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர். அம்மா பேர் சோஃபியா. தாத்தாவும் டாக்டர்தான். அவர் 1819லேயே இலங்கைக்கு வந்து வைத்தியம் பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் அப்பா, பெரியப்பாக்கள் என்று பலரும் நம்ம பக்கத்து ஜில்லாக்களிலேயே வேலை செய்தார்கள்.

ஐடா ஐந்து, ஆறு வயசுக் குழந்தையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை இருந்த பஞ்சம் அது. நம்ம பாட்டிகளோட பாட்டிகள் சொல்லிச் சொல்லி வந்த பஞ்சம். பசியில் கை தூக்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளைகளுக்கு அந்தச் சின்னப் பெண் ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டினாள். அந்தக் காட்சி அவள் மனசில் பயமாகவே தங்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்த பிறகு, இந்தியாவுக்குத் திரும்பி வரக் கூடாது, அப்பா, தாத்தா மாதிரி மிஷன் வேலைக்கும் போகக் கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார். நல்ல இடத்தில் கல்யாணம், வசதியான வீடு என்று எல்லாப் பெண்களையும் போலவே அவருக்கும் ஆசை இருந்தது.

1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். அம்மா தேறினதும் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் ஐடா கப்பல் ஏறினார். வயசு பத்தொன்பது. சகோதரிகளே, இதைக் கவனிங்க. அவங்க முதல்ல டாக்டரா வரல. படுத்திருக்கற அம்மாவைப் பார்த்துக்கற பொண்ணாத்தான் வந்தாங்க. நம்மில் எத்தனை பேர் மாமியாருக்கோ அம்மாவுக்கோ அப்படிச் செஞ்சிருக்கோம்!

அப்போ நம்ம ஊரு பிரெஞ்சுக்காரன் கையில இருந்துச்சு. திண்டிவனம் இங்கிலீஷ்காரன் கையில இருந்துச்சு. கொடி வேற, சட்டம் வேற. ஆனா பிரசவத்துக்குப் பொம்பளைங்க பட்ட பாடு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

ஒருநாள் ராத்திரி ஐடா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். சின்ன வயசு மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியால் முடியவில்லை, நீங்கள் வாருங்கள் என்று ஐடாவைக் கேட்டார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்க்கக் கூடாது, அதற்கு அவள் செத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே கஷ்டம், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார். விடிந்த பிறகு விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்து போயிருந்தார்கள்.

இந்தக் கதையைப் படிச்சப்போ ஒரு விஷயம் என்னை உறுத்திச்சு. ஐடாவுக்கு மனசு இல்லாமலா போச்சு? ஓடிப்போய் உதவணும்னு துடிச்சிருப்பாங்க. ஆனா போய் என்ன செய்யறதுன்னு தெரியல. கையில் வித்தை இல்லாத கருணையால் அந்த மூணு பேரையும் காப்பாத்த முடியல. அந்த ராத்திரி ஐடா தூங்கவில்லை. காலையில் பெற்றோரிடம் போய், தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

சொன்னபடியே முதலில் பிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறினார். அந்தக் கல்லூரி அப்போதுதான் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தது. 1899இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பும் முன்பு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட அலைந்தார். ஷெல் என்ற பேங்க்காரர் இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டு பிறக்கிறபோது ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அப்பாவிடம் இருந்து பக்குவமாகத் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்து வந்தவருக்கு, அந்த வருஷமே அப்பா இறந்துபோனார்.

வேலூரில் வீட்டிலேயே ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கட்டில். அப்படித்தான் ஆரம்பம். புது டாக்டர், அதுவும் பெண் என்று முதலில் ஆட்கள் வரத் தயங்கினார்கள். பிறகு கூட்டம் தாங்கவில்லை. இரண்டு வருஷத்தில் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902இல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தார்கள்.

படுக்கை 40. டாக்டர் ஒருத்தர். மருந்து கலக்க, காயம் கட்ட, ராத்திரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். படித்த நர்ஸ் எங்கே கிடைப்பாள்? அடுத்தவர் புண்ணைத் துடைப்பதையும் மலஜலம் எடுப்பதையும் கேவலமான வேலையாக ஊர் நினைத்த காலம். நல்ல குடும்பத்துப் பெண்ணை அந்த வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். அதனால் ஐடா தேடிக்கொண்டிருக்காமல், இங்கே இருக்கிற பெண்களுக்கே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1903இல் மருந்து கலக்கும் கம்பவுண்டர் பயிற்சி ஆரம்பமானது. 1909இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. டெலியா ஹூட்டன் என்ற அமெரிக்க நர்ஸ் அதற்குப் பொறுப்பேற்றார்.

இன்னொரு பக்கம் வாரா வாரம் குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வைத்தியம். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார் கார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்துப் பெண்கள் ரோட்டோரம் குழந்தையோடு காத்துக்கிடப்பார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் கூட வந்ததால்தான் அது நடந்தது. ஒரு டாக்டருக்கு ரெண்டு கைதான். பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் இருபது கை.

அடுத்து பெண்களையே டாக்டர் ஆக்கணும்னு ஐடா அம்மா போய்க் கேட்டாங்க. மெட்ராஸ் ராஜதானி மருத்துவத் துறையின் பெரிய அதிகாரி, மூணு பொண்ணு மனுப் போட்டாலே உங்க அதிர்ஷ்டம் என்கிற மாதிரி பேசினார். 1918இல் பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது வந்த மனு 151. இடம் இல்லாமல் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் ஆண்களால் எழுத முடிந்த தேர்வை எழுத மாட்டார்கள் என்றும் பேச்சு இருந்தது. அந்த முதல் வகுப்பில் 14 பேர் 1922இல் எல்.எம்.பி. சான்றிதழோடு டாக்டராக வெளியே வந்தார்கள்.

இங்க கொஞ்சம் நிறுத்தி என் கதையைச் சொல்லிடறேன்.

நான் வேலைக்குப் போன மூணாவது வீட்டுல ஒரு டீச்சரம்மா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுசா விழுந்துடுச்சு. என்னைப் பெத்த அம்மா மாதிரி அவங்களைப் பார்த்துக்கிட்டேன், பொய் சொல்லல. தலை சீவி, பொட்டு வெச்சு, சூடா கஞ்சி வெச்சு ஊட்டுவேன். அவங்க நல்லாத் தூங்கும்போது எழுப்ப வேணாம்னு அப்படியே விட்டுடுவேன். ஒரு மாசத்துல இடுப்புக்குக் கீழ சிவப்பா ஒரு இடம் தெரிஞ்சுது. பவுடர் போட்டேன். அது படுக்கைப்புண்ணுன்னு எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்போ உள்ள குழியாகி இருந்துச்சு. அங்க இருந்த நர்ஸ் என்னைத் திட்டல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையான்னு மட்டும் கேட்டாங்க. யாரும் சொல்லல. நானும் யாரையும் கேட்டதில்ல. அந்தம்மா அந்தப் புண்ணோட எத்தனை நாள் கஷ்டப்பட்டாங்கன்னு நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

திண்டிவனத்துல ஐடா அம்மாவுக்கு அந்த மூணு பேர். எனக்கு அந்த டீச்சரம்மா.

அதுக்கப்புறம்தான் நான் பயிற்சிக்குப் போனேன். வயசு முப்பத்தெட்டு. நோட்டு எடுத்துக்கிட்டு உட்கார வெட்கமா இருந்துச்சு. கத்துக்கிட்டது எல்லாம் சின்னச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். படுக்க வெச்சு ஊட்டக் கூடாது, உட்கார வெச்சுத்தான் ஊட்டணும், சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது, இல்லன்னா புரையேறி நெஞ்சுக்குள்ள போயிடும். ஆளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கணும், இல்லன்னா நம்ம இடுப்பு போயிடும். சர்க்கரை திடீர்னு இறங்கினா வேர்த்துக் கொட்டும், உளறுவாங்க, அதை வயசான கிறுக்குன்னு நெனச்சு விட்டுடக் கூடாது. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாங்க, எத்தனை தரம் சிறுநீர் போனாங்க, எல்லாத்தையும் நோட்டுல எழுதணும். பயிற்சிக்கு முன்னாடி மாசம் 8,000 ரூபாய் வாங்கினேன். இப்போ 15,000 வாங்கறேன். அதைவிட, டாக்டர் வந்தா இப்போ வீட்டுக்காரங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட நோட்டைக் கேக்கறார்.

மறுபடி வேலூருக்கு வருவோம்.

ஐடா அம்மாவின் பள்ளி நன்றாக நடந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் எல்.எம்.பி. படித்து ஊர் ஊராகப் போனார்கள். 1930களின் கடைசியில் இடி விழுந்தது போல ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் எல்.எம்.பி. செல்லாது, எம்.பி.பி.எஸ். பட்டம் தருகிற கல்லூரி மட்டும்தான் இயங்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பட்டக் கல்லூரி என்றால் அதற்கு இன்னும் அதிகப் படுக்கை, மேல்படிப்புப் படித்த ஆசிரியர்கள், ஆய்வுக்கூடம், கட்டடம் எல்லாம் வேண்டும். கையில் பணம் இல்லை. பள்ளியை மூடிவிடலாம், நம்மால் முடிந்தது இவ்வளவுதான் என்று கூட இருந்த சிலரே நினைத்தார்கள்.

ஐடா அம்மா மூட ஒத்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் கேட்கிற தரம் நியாயமானது என்றால் அந்தத் தரத்துக்கு நாம் ஏறத்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1941இல் எழுபது வயசில், உலகப் போர் நடக்கும்போது, பணம் திரட்ட அமெரிக்கா போனார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகம் வேலூரில் எம்.பி.பி.எஸ். வகுப்பு நடத்த அனுமதி கொடுத்தது. நர்ஸ் படிப்பும் அங்கேயே நிற்கவில்லை. 1946இல் வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. நம்ம நாட்டில் முதன்முதலாக அந்தப் பட்டம் தந்த இடங்களில் வேலூரும் ஒன்று. 1947 முதல் ஆண்களையும் மருத்துவம் படிக்கச் சேர்த்தார்கள். 1940களின் இறுதியில் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கே இயக்குநர் ஆனார்.

ஒரு கட்டிலில் ஆரம்பித்த ஐடா அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கொடைக்கானலில் இருந்தார். 1960 மே மாதம், எண்பத்தொன்பதாவது வயசில் அங்கேயே காலமானார். கம்பவுண்டர் பயிற்சி, நர்ஸ் பள்ளி, எல்.எம்.பி., பிறகு எம்.பி.பி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங். அவர் வாழ்க்கையை இப்படி ஒரு ஏணி மாதிரிதான் எனக்குப் பார்க்கத் தோணுது. ஒவ்வொரு படியும் போட்டு முடிச்சதும், அடுத்த படி எங்கேன்னு தேடியிருக்காங்க.

நமக்கும் ஏணி இருக்கு, சகோதரிகளே. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கறதுக்கு ஹோம் ஹெல்த் எய்ட்ன்னும், ஆஸ்பத்திரி வார்டில் உதவிக்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்ன்னும் அரசாங்கம் ஒத்துக்கிட்ட சில மாதப் பயிற்சிகள் இருக்கு. பல வருஷமா வேலை செஞ்சு கத்துக்கிட்டவங்களைச் சோதிச்சுப் பார்த்து சான்றிதழ் கொடுக்கற முறையும் இருக்கு. பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்களுக்கு ஏ.என்.எம். ரெண்டு வருஷம், ஜி.என்.எம். மூணு வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். ஜி.என்.எம். முடிச்சவங்க பிறகு ரெண்டு வருஷம் படிச்சு அதே பி.எஸ்சி. பட்டம் வாங்கலாம். ஒரே தாண்டுல மேல போக முடியாதவங்க ஒவ்வொரு படியா போகலாம். ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. பணம் கட்டறதுக்கு முன்னாடி, அந்தப் பயிற்சி நிலையத்துக்கு அங்கீகாரம் இருக்கா, நர்ஸ் படிப்புன்னா நர்சிங் கவுன்சில் ஒத்துக்கிட்டதான்னு கேட்டுப் பார்த்துட்டுச் சேருங்க. ஒத்துக்காத காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு அழுத பொண்ணு நம்ம பகுதியிலேயே உண்டு.

நம்ம வேலைக்கு ஆள் தேவை குறையப் போறதும் இல்ல. 2011 கணக்கெடுப்பிலேயே நம்ம நாட்டில் அறுபது வயசுக்கு மேல 10 கோடிப் பேருக்கு மேல இருந்தாங்க. பிள்ளைங்க வெளியூர், வெளிநாடுன்னு போயிடறாங்க. வீட்டுல பெரியவங்க தனியா. நம்ம புதுச்சேரித் தெருக்கள்ல இதை யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியது இல்ல.

கடைசியா, இதை நான் எழுதறதுக்கான காரணத்தைச் சொல்லிடறேன். போன பொதுக்குழுவில் ஒரு கோரிக்கை வந்துச்சு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உள்கடன் தர்ற மாதிரி, பராமரிப்பு வேலைப் பயிற்சிக்குப் போறவங்களுக்கும் அவங்க பொண்ணுங்களோட நர்ஸ் படிப்புக்கும் குறைஞ்ச வட்டியில தனிக்கடன் தரணும்னு. அதுக்குச் சில பேர் எதிர்ப்பு சொன்னாங்க. நாப்பது வயசுல படிச்சு என்ன ஆகப் போகுது, ஆயா வேலைக்கு எதுக்குச் சான்றிதழ்னு கேட்டாங்க. கடன் திரும்பி வருமான்னும் ஒரு அக்கா கேட்டாங்க. அந்தக் கேள்வி நியாயமானதுதான், பணம் நம்ம எல்லோரோடதும். அன்னைக்கு எழுந்து பதில் சொல்ல எனக்கு வாய் வரல. உட்கார்ந்துட்டேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போச்சு.

என் பதிலை இப்போ எழுதறேன். என் பயிற்சிக்கு நான் வெளியில கந்து வட்டிக்கு வாங்கினேன். சம்பளம் கூடினதால ஒரு வருஷத்துல அடைச்சேன். நம்ம குழுவில் வாங்கியிருந்தா வட்டி நம்ம கிட்டயே இருந்திருக்கும். அதைவிட, பயிற்சி முதல்லயே கிடைச்சிருந்தா அந்த டீச்சரம்மாவுக்குப் புண் வந்திருக்காது. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

அடுத்த பொதுக்குழுவில் தீர்மான நோட்டு திரும்ப வரும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, நாளைக்கு நாம படுத்தா நம்மைப் புரட்டிப் படுக்க வைக்கப் போற அந்தப் பொண்ணை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க. அவளுக்கு விவரம் தெரிஞ்சிருக்கணுமா, வேணாமான்னு முடிவு பண்ணுங்க.



இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
குழு உறுப்பினர், மூலக்குளம்